பிரஞ்ச், ஸ்மாக்: எதை முதலில் கற்பிக்கலாம்?

வியாசர்பாடியிலும் தண்டையார்பேட்டையிலும் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தின் கலப்புச் சொற்களை விளக்க 'பிரஞ்ச்' (brunch, காலை உணவையும் மதிய உணவையும் சேர்த்து உண்ணும் வேளை) எளிதில் கைக்கு வரும் எடுத்துக்காட்டு. பிரேக்ஃபாஸ்டின் தலையையும் லஞ்சின் வாலையும் இணைத்த இச்சொல்லுக்காக 1895இல் கை பெரிங்கர் என்பவர் ஒரு கட்டுரையே எழுதி, ஞாயிறன்று தாமதமாக எழுபவர்களுக்காகப் பரிந்து பேசினார். சொல் இனிமையானதுதான், ஆனால் விடிந்ததும் வேலைக்குக் கிளம்பும் வீடுகளில் அப்படியொரு உணவுவேளையே கிடையாது.

'ஸ்மாக்' அப்படியல்ல. ஸ்மோக்கும் ஃபாக்கும் சேர்ந்த இச்சொல்லை, 1905இல் லண்டனில் நடந்த பொதுச் சுகாதார மாநாட்டில், நிலக்கரிப் புகையும் மூடுபனியும் பிரிக்க முடியாதபடி கலந்த நகரக் காற்றைச் சுட்ட ஒரு மருத்துவர் பயன்படுத்தினார். போகி விடியலில் டயர் எரிந்த நெடி தொண்டையைக் கரகரக்கச் செய்ய, எண்ணூர் நெடுஞ்சாலையில் எதிரே வரும் லாரியின் விளக்கு மட்டும் மங்கலாகத் தெரிவதைப் பார்த்த பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பிரஞ்ச் இரு வேளைகளுக்கு நடுவே நிற்கிறது. ஸ்மாக்கிலோ பொருள்களே கலந்துள்ளன. ஆகவே என் தேர்வு ஸ்மாக். பிரஞ்ச் அடுத்த வகுப்புக்கு இருக்கட்டும்.