விற்ற பொருளுக்கு யார் சொந்தம்? அமெரிக்கா, ஐரோப்பா, இந்தியா

1908-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு நாவலின் விலையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டிவந்தது. ஒரு டாலருக்குக் குறைத்து விற்றால் பதிப்புரிமை மீறல் என்று பாப்ஸ்-மெரில் பதிப்பகம் புத்தகத்துக்குள்ளேயே அச்சிட்டிருந்தது. மேசிஸ் கடைக்காரர்கள் அதை 89 சென்டுக்கு விற்றார்கள். வழக்கில் ஜெயித்ததும் அவர்கள்தான். அச்சடிக்கும் உரிமை பதிப்பகத்துக்கு. விற்றுக் காசு வாங்கிய பிரதி, வாங்கியவருக்கு. முதல் விற்பனைக் கோட்பாடு என்பது இவ்வளவுதான்.

இதுவரை பெரிய தகராறு இல்லை. அந்த முதல் விற்பனை எந்த ஊரில் நடந்திருக்க வேண்டும் என்று கேட்டால்தான் நாட்டுக்கு நாடு பதில் மாறுகிறது.

அமெரிக்காவின் பதிலைச் சொல்லவைத்தவர் சுபாப் கிர்ட்சேங் என்ற தாய்லாந்து மாணவர். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தபோது, ஆசியாவுக்கென்று மலிவாக அச்சிடப்பட்ட பாடநூல்களை ஊரிலிருந்து வரவழைத்து இணையத்தில் விற்றார். வைலி பதிப்பகம் வழக்குப் போட்டது. 8 நூல்கள், ஒவ்வொன்றுக்கும் 75,000 டாலர் என்று ஜூரி 6 லட்சம் டாலர் விதித்தது. 2013-இல் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று அதைப் புரட்டிப்போட்டது: சட்டப்படி அச்சான பிரதியை எந்த நாட்டில் வாங்கியிருந்தாலும் மறுவிற்பனை செய்யலாம். இல்லாவிட்டால், உள்ளே பதிப்புரிமையுள்ள மென்பொருள் ஓடும் வெளிநாட்டுக் காரை விற்கக்கூட அனுமதி கேட்டு நிற்கவேண்டும் அல்லவா? 2017-இல் பிரிண்டர் நிறுவனமான லெக்ஸ்மார்க்கின் டோனர் (மை டப்பா) வழக்கில் காப்புரிமைக்கும் (பேட்டன்ட்) இதே பதில் கிடைத்தது. ‘ஒருமுறைதான் பயன்படுத்தலாம்’ என்று தள்ளுபடி விலையில் விற்றிருந்தாலும், காலி டப்பாவை வாங்கி மை நிரப்பி விற்பவர்மேல் காப்புரிமை வழக்குப் போட முடியாது. ஒப்பந்தத்தை மீறிவிட்டதாக முதலில் வாங்கியவரைத்தான் கேட்கமுடியும்.

வணிக முத்திரையில் மட்டும் அமெரிக்கா கொஞ்சம் கறார். வெனிசுவேலாவில் தயாரான பெருஜினா சாக்லேட், இத்தாலியத் தயாரிப்பிலிருந்து செய்பொருளிலும் பக்குவத்திலும் வேறுபட்டது என்பதால் அமெரிக்க ஆட்சிப்பகுதியான புவேர்ட்டோ ரீகோவில் விற்கத் தடை வந்தது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. ஒரே பெயரில் வேறு பண்டம் கிடைத்தால் ஏமாறுவது வாங்குபவர்தானே.

ஐரோப்பாவின் பதிலோடு எனக்கு ஒத்துவரவில்லை. ஆஸ்திரியாவின் சில்லுவெட் நிறுவனம் மோஸ்தர் போன 21,000 கண்ணாடிச் சட்டங்களை 1995-இல் பல்கேரியாவுக்கு விற்றது. அவை ஹார்ட்லவர் என்ற மலிவு விலைக் கடை வழியாக ஆஸ்திரியாவுக்கே திரும்பி வந்துவிட்டன. அசல் சரக்குதான், நிறுவனமே விற்றதுதான். ஆனால் ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்துக்குள் முதல் விற்பனை நடந்தால்தான் மறுவிற்பனையைத் தடுக்கும் உரிமை தீரும் என்று 1998-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. பல்கேரியா அப்போது வட்டாரத்துக்கு வெளியே. அறிவுசார் சொத்தைக் காப்பது என்ற பெயரில் இங்கே காப்பாற்றப்பட்டது விலைப்பட்டியல்.

இந்தியாவுக்கு இரண்டு முகம். சாம்சங் பிரிண்டர்களை வெளிநாட்டிலிருந்து இறக்கி விற்ற கபில் வாத்வா வழக்கில், 2012-இல் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு அமெரிக்காவைவிடத் தாராளமாகவே நடந்துகொண்டது. தாராளமாக விற்கலாம், ஆனால் இறக்குமதிச் சரக்கு, சாம்சங் உத்தரவாதம் கிடையாது என்று கடையில் பளிச்சென்று எழுதிவைக்க வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கைச் சரிசெய்து தங்கள் பெயரில் விற்றவர்கள்மீது சீகேட் தொடுத்த வழக்கிலும் 2024-இல் இதே போக்குதான்: விற்றுக்கொள்ளலாம், முதலில் தயாரித்தவர் யார், இது பழசைப் புதுப்பித்தது என்பதையெல்லாம் மறைக்கக்கூடாது. மூன்று ஊர் பதில்களில் எனக்குப் பிடித்தது இதுதான். பொய் சொல்லாதவரை வியாபாரம் செய்துகொள் என்கிறது.

புத்தகம் என்று வந்தால் அதே டெல்லி நீதிமன்றம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. ‘இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம் தவிர வேறெங்கும் விற்பனைக்கல்ல’ என்ற ரீதியில் அட்டையில் வரி போட்ட பாடநூல்களை நம் பொறியியல் மாணவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அப்படிப்பட்ட மலிவுப் பதிப்புகளை இணையத்தில் வெளிநாட்டாருக்கு விற்றவர்களுக்கு 2010-இல் தடை விழுந்தது. வழக்குத் தொடுத்தது யார்? அதே வைலி. நியூயார்க் வாசலில் உள்ளே விடுகிற சரக்கை டெல்லி வாசலில் வெளியே விடமாட்டார்கள்! 2012 பதிப்புரிமைத் திருத்தத்தின்போது புத்தக இறக்குமதிக்கு வழிவிடும் ஒரு விதியைச் சேர்க்க முனைந்து, கடைசியில் கைவிட்டார்கள்.

டிஜிட்டல் கோப்பு என்று வந்தால் ஊர் வித்தியாசம் பெரிதும் கரைந்துபோகிறது. பழைய பாட்டுக் கோப்புகளை விற்க வழிசெய்த ரீடிஜி என்ற நிறுவனம், 2018-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது: கோப்பு கைமாறும்போது புதுப் பிரதி ஒன்று பிறந்துவிடுகிறதாம். ஐரோப்பா 2012-இல் ஆரக்கிள் வழக்கில் மென்பொருள் உரிமத்தை மறுவிற்பனை செய்ய விட்டது. 2019-இல் டாம் கபினெட் வழக்கில் மின்னூலுக்கு அதே கதவைச் சாத்தியது. நிறுவனங்களுக்கு இதைவிட வசதியான வழி இல்லை. விற்பனையே செய்யாமல் உரிமம் மட்டும் கொடுத்தால் ‘முதல் விற்பனை’ எங்கிருந்து வரும்? கலிஃபோர்னியா மாநிலம் 2025 தொடக்கத்திலிருந்து ஒரு சின்னக் கட்டாயம் கொண்டுவந்திருக்கிறது: ‘வாங்கு’ என்று பொத்தான் வைத்தால், கிடைக்கப்போவது வெறும் உரிமம்தான் என்பதை வாங்கும் முன்பே தெளிவாகச் சொல்லவேண்டும்.