உரக் குச்சி ரெவ்யூ: ஆப்பிள் மரத்துக்கு ஸ்பிரிங்ல இது வேணுமா?

கனடால ஒன்டாரியோ பக்கம் பேக்யார்டுல ஆப்பிள் மரம் வெச்சிருக்கவங்களுக்கு இது. ஏப்ரல் வந்தா கார்டன் கடை வாசல்லயே அடுக்கி வெச்சிருப்பாங்களே, சுத்தியலால மண்ணுல அடிச்சு இறக்குற உரக் குச்சி, அந்த ஸ்பைக் பத்திதான் சொல்றேன். பிராண்டு பேரு வேணாம்.

நல்லதை முதல்ல சொல்லிடறேன். நாத்தம் இல்ல, அளக்கிற வேலை இல்ல, கை அழுக்காகாது. ஆனா களிமண்ணுல அடிச்சா மேல மாட்டுற பிளாஸ்டிக் மூடி உடையுது, குச்சியும் பாதில நொறுங்குது. உரம் மொத்தமும் நாலஞ்சு இடத்துலயே குவிஞ்சு கிடக்கும், அதை ஒட்டி இருக்கிற வேர் கருகவும் வாய்ப்பு இருக்கு.

இதெல்லாம்கூட பரவால்ல, எனக்கு கடுப்பே டப்பால போட்டிருக்கிற வாசகம்தான். ஸ்பிரிங்ல போடுங்க, துளிரும் பூவும் சும்மா அள்ளும்ங்கிறான். இங்க ஏப்ரல் கடைசில மொட்டு விரியும்போது மண்ணு இன்னும் ஜில்லுனுதான் இருக்கும், ஆப்பிள் வேர் அப்போ நைட்ரஜனை பெருசா இழுக்காது, மொட்டு வெடிச்சு சில வாரம் கழிச்சுதான் ஒழுங்கா இழுக்க ஆரம்பிக்கும். அப்போ முதல் இலைக்கும் பூவுக்கும் சத்து எங்கருந்து வருதுன்னா, போன வருஷ சேமிப்புலருந்து. வீட்டுல விதைநெல் எடுத்து வெக்கிற மாதிரிதான் மரமும் பண்ணுது. இலைல இருக்கிற நைட்ரஜன்ல பெரும்பங்கு ஒளிச்சேர்க்கை புரதத்துலதான் இருக்கு, முக்கியமா ரூபிஸ்கோல. இலை மஞ்சளாகும்போது மரம் அதை உடைச்சு, ஏறக்குறைய பாதி நைட்ரஜனை பட்டைக்கும் கட்டைக்கும் வேருக்கும் திருப்பி இழுத்துக்குது, அங்க புரதமாவும் ஆர்ஜினைன் மாதிரி அமினோ அமிலமாவும் குளிர் முழுக்க கிடக்கும், ஸ்பிரிங்ல அதுவே அஸ்பராஜின், குளுட்டமின்ங்கிற வேற அமினோ அமிலமா மாறி மரச்சாறுல மேல ஏறி மொட்டுக்குப் போகும். கதை இல்லைங்க, நைட்ரஜன் 15ங்கிற, எடை கொஞ்சம் கூடின நைட்ரஜன் வகையை அடையாளத்துக்கு குடுத்து அது எங்க போகுதுன்னு பின்தொடர்ந்து பாத்த விஷயம்.

அதனால ஏப்ரல்ல அடிச்ச குச்சிக்கும் மே மாசப் பூவுக்கும் பெருசா சம்பந்தமில்ல. அது உதவுறது அப்புறம் வர்ற வளர்ச்சிக்கு.

நான் காசு போடுறது சாதா யூரியாவுக்கு, பைல 46-0-0ன்னு போட்டிருக்கும், அதாவது 46 சதவீதம் நைட்ரஜன், வேற சத்து இல்ல. பழம் பறிச்சு முடிச்சு, கிளை வளர்றது நின்னு, இலை இன்னும் பச்சையா இருக்கிற அக்டோபர்ல, 10 லிட்டர் தண்ணிக்கு 300லருந்து 500 கிராம் வரை கரைச்சு இலை நனைய அடிச்சா போதும். யூரியா கரையும்போது தண்ணி சட்டுனு ஜில்லாயிடும், வெதுவெதுப்பான தண்ணி எடுத்துக்கோங்க. இலை கொஞ்சம் கருகும், கருகட்டும், எப்படியும் உதிரப்போற இலைதானே, உதிர்றதுக்கு முன்னாடியே நைட்ரஜன் இலை வழியா மரத்தோட சேமிப்புக்குப் போயிடும். கோட்டிங் போட்ட ஸ்லோ ரிலீஸ் வாங்கிடாதீங்க, கரையாது. பையூரெட், அதாவது யூரியா தயாரிக்கும்போது கூடவே உருவாகி இலையைக் கெடுக்கிற பொருள், கம்மியா இருக்கிற யூரியான்னு கேட்டு வாங்கறது நல்லது.

மெக்கின்டாஷ் மரம் வெச்சிருந்தா டபுள் லாபம். 1811ல இதே ஒன்டாரியோல கண்டெடுத்த ரகம், ருசிக்கு குறையே இல்ல, ஆனா இலையிலயும் பழத்துலயும் கரும்புள்ளி போடுற ஸ்காப்ங்கிற பூஞ்சை நோய்னா முதல் ஆளா வாங்கிக்கும். இலை பெரும்பாலும் கொட்டினப்புறம் 5 சதவீத யூரியாவை கீழ கிடக்கிற சருகு மேல அடிச்சா சருகு சீக்கிரம் மக்கி, அடுத்த ஸ்பிரிங்ல பூஞ்சை வித்து கம்மியாகுது. எந்த குச்சியும் இதைப் பண்ணாது.

ஆனா ஆகஸ்ட்லயே ஆசைப்பட்டு நைட்ரஜனை கொட்டாதீங்க, புதுக் கிளை விட்டு அது முத்தாம குளிர்ல செத்துப்போகும். கிளை வருஷத்துக்கு ஒண்ணரை அடிக்கு மேல நீளுதுன்னா உரமே வேணாம், பக்கத்து புல்லுக்குப் போடுற உரத்தையே மரம் சாப்பிட்டுட்டு இருக்கும். வீட்டுக்குள்ள தொட்டில இருக்கிற எலுமிச்சை, கருவேப்பிலைக்கெல்லாம் இந்த ஸ்ப்ரே ஆகவே ஆகாது, எலுமிச்சை நைட்ரஜனை இலையிலயும் சேத்து வெக்கிற மரம், இலையை கருக்கினா சேமிப்பும் போச்சு. கருவேப்பிலைக்கு காரணமே சொல்ல வேண்டாம்.

குச்சிக்கு 5க்கு 2. ஸ்ப்ரேயர் தூக்க முடியாதவங்க, மரம் நிஜமாவே இளைச்சுப் போயிருந்தா வாங்கலாம், ஆனா அடிக்கிறதுக்கு முந்தின நாள் மண்ணை நல்லா நனைச்சுட்டு அடிங்க.