அண்ணா 4 நெல் விதை: மழையில்லாத 19 நாள் காய்ச்சலில் நான் பார்த்தது

முதுகுளத்தூர் பக்கம் கரிசலில் எனக்கு ஒன்றரை ஏக்கர். கண்மாய்த் தண்ணீர் எட்டாத, வானம் பார்த்த நிலம். பரமக்குடி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 2009-இல் வெளியிட்ட அண்ணா (ஆர்) 4 ரகத்தைப் போன புரட்டாசியில் முதல் தடவையாகப் புழுதியில் விதைத்தேன். வயது 100 முதல் 105 நாள். ஏக்கருக்கு 30 கிலோ கணக்கில் 45 கிலோ வாங்கினேன், நீல அட்டை தைத்த சான்று விதை.

மானாவாரியில் நெல் பிழைப்பதும் சாவதும் முதல் மாதத்தில்தான். அதனால் அந்த ஒரு மாதத்தைத்தான் விரிவாக எழுதுகிறேன்.

விதைத்த எட்டாம் நாள் நல்ல மழை. முளைப்பு சீராக வந்தது. மூன்றாம் இலை விடும்போது மழை நின்றது, 19 நாள் ஒரு சொட்டு இல்லை. விதைக்குள் இருக்கும் சத்து ஏறக்குறைய மூன்றாம் இலை வரைக்கும்தான் தாங்கும். அதற்குமேல் பயிர் தன் வேரை நம்பித்தான் வளரணும். அந்த நேரத்தில் மேல்மண் காய்ந்தால் அடிக்கணுவில் கிளம்பும் புது வேர் இறங்க முடியாமல் நின்றுவிடும், பக்கக் கிளைகள் வெடித்துத் தூரும் கட்டாது. 105 நாள் பயிரில் அந்த இழப்பை ஈடுகட்ட நாளும் கிடையாது.

பதினோரு மணிக்கெல்லாம் இலை ஊசியாகச் சுருண்டுவிட்டது. எனக்கு மனசே விட்டுப்போச்சு. அம்மாதான் சொன்னார்: "உச்சி வெயில்ல பாத்து என்னய்யா ஆகப்போகுது? விடியக்காலம் போயி பாரு. அப்ப இலை விரிஞ்சிருந்தா பயிருக்கு உசுரு இருக்கு." அன்றிலிருந்து தினமும் விடியும் முன்னே வயலில் நின்றேன். மழை நின்று பதினான்கு நாள் வரை இரவோடு இரவாக இலை விரிந்துகொண்டது. பதினைந்தாம் நாள் ஒரு பாதியில் மட்டும் விடிந்தும் சுருண்டே கிடந்தது.

வித்தியாசம் எங்கே என்றால், ஒரு முக்கால் ஏக்கருக்கான 22.5 கிலோ விதையை மட்டும் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் நன்றாக உலர்த்தி விதைத்திருந்தேன். லிட்டருக்கு 10 கிராம், கிலோ விதைக்கு ஒரு லிட்டர், மொத்தம் 225 கிராம்தான் செலவு. மறுபாதிக்கு அப்படியே விதைத்தேன். பதினாறாம் நாள் இரண்டு பக்கமும் மண்வெட்டியால் ஆழமாகக் கொத்தி ஒவ்வொரு பயிரை எடுத்துப் பார்த்தேன். ஊறவைத்த பயிரின் வேர் ஒரு சாண் இருந்தது, நுனி வெள்ளையாக, ஈரமண் ஒட்டிக்கொண்டு. மற்றதில் சுண்டுவிரல் நீளம்தான், நுனி பழுப்பேறிக் கிடந்தது.

ஆனாலும் இருபதாம் நாள் மழை இறங்கியதும் அந்தப் பாதியும் நாலே நாளில் பச்சை கட்டியது. அது ரகத்தின் குணம். முந்தின வருடம் ஒரு கடையில் அட்டையே இல்லாத சன்ன ரக விதையை நம்பி வாங்கி, பன்னிரண்டு நாள் காய்ச்சலிலேயே மொத்தமும் கருகிப் போனதை இன்னும் நான் மறக்கவில்லை.

குறை உண்டு. கட்டை ரகம் என்பதால் எங்கள் பழைய நொறுங்கன் போல வைக்கோல் கிடைக்காது, மாடு வைத்திருப்பவர்கள் யோசிக்கணும். மழை வந்ததும் களை பயிரை முந்திவிடும். இரண்டு கைக்களை கட்டாயம், அதில் ஒன்றைத் தள்ளிப்போட்டு நான் நஷ்டப்பட்டேன். விதையும் கேட்ட நேரத்தில் கிடைக்கவில்லை, மூன்று முறை அலைந்தேன்.

அரிசி நீளமாக, சன்னமாக, வெள்ளையாக இருக்கிறது. வீட்டில் சோறு எல்லோருக்கும் பிடித்துவிட்டது. ஊறவைத்த பாதியில் இரண்டு மூட்டை கூடுதல். இந்தத் தடவை ஆவணியிலேயே விதைக்குச் சொல்லிவைத்துவிட்டேன், 45 கிலோவையும் ஊறவைத்துத்தான் விதைப்பேன்.