நம்பர் குடுக்காம கதைக்கிறது: சிம்ப்ளெக்ஸ் பாவிச்ச அனுபவம்

2023 கடைசில இருந்து சிம்ப்ளெக்ஸ் எண்ட மெசேஜ் ஆப் பாவிக்கிறன், இதுக்குப் போன் நம்பர் தேவையில்லை. புது ஆப் ஒண்டப் போட்ட முதல் கிழமை எல்லாமே நல்லாத்தான் தெரியும், அதால வடிவாப் பாவிச்சுப் பாத்திட்டு எழுதுவம் எண்டு இருந்தனான்.

நான் யாழ்ப்பாணத்தில கொக்குவில் பக்கம் வீட்டில வச்சு தைக்கிறன். அளவு, டிசைன் படம் எல்லாம் போன்லதான் வரும். இஞ்ச ஒரு பொம்பிளை நம்பரக் குடுத்தா அது எங்கெங்க போய்ச் சேரும் எண்டு ஆருக்கும் சொல்லத் தேவையில்லை. அடையாள அட்டை குடுத்துத்தான் சிம் எடுக்கிறம், அந்த நம்பர்தான் வட்ஸ்அப், அதுதான் வைபர், பாங்க் ஓடிபி வாறதும் அதுக்குத்தான். றீலோட் போட்ட கடையில கொப்பியில எழுதின நம்பருக்கு ராவில மெசேஜ் வந்த பிள்ளையள் எத்தினை பேர் இருக்கினம், கடைசில கரைச்சல் குடுத்தவன் சும்மா இருக்க பிள்ளைதான் நம்பர மாத்தி சொந்தக்காரர் எல்லாருக்கும் திரும்பச் சொல்லோணும். எனக்கு இதுதான் பெரிய கோவம்.

சிக்னல் எண்ட மெசேஜ் ஆப்ல 2024ல யூசர்நேம் வந்தது, மற்றாக்களுக்கு நம்பரக் காட்டாம இருக்கலாம், ஆனா பதியிறதுக்கு இப்பவும் நம்பர் வேணும். செஷன் எண்ட ஆப் நம்பரும் கேக்காது ஈமெயிலும் கேக்காது, 66 எழுத்தில ஒரு ஐடி தரும். பிரச்சினை என்னெண்டா அந்த ஒரே ஐடிதான் எல்லாருக்கும் போகும், ரெண்டு பேர் தங்கட போனைப் பக்கத்தில வச்சுப் பாத்தா ஒரே ஆள்தான் எண்டு பிடிச்சிடுவினம். சிம்ப்ளெக்ஸ்ல அந்த ஐடியே இல்லை. ஒருக்கா மட்டும் வேலை செய்யிற லிங்க் ஒண்ட அனுப்பினா, அவை அதத் திறக்க எங்கட ரெண்டு பேருக்கும் மட்டும் சேர்வர்ல, அதாவது மெசேஜக் கைமாத்திற கொம்பியூட்டர்ல, ரெண்டு பாதை உருவாகும், நான் அனுப்ப ஒண்டு, எனக்கு வர ஒண்டு. சேர்வருக்கு ஆர் எண்ட பேரோ ஐடியோ இல்லை, அந்தப் பாதைதான் தெரியும். ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனிப் படலை வச்ச மாதிரி, வேண்டாத ஆளின்ர படலையை அடைச்சா மற்ற ஆக்களுக்கு ஒண்டும் ஆகாது. இன்கொக்னிட்டோ எண்ட செட்டிங்கப் போட்டா ஒவ்வொருத்தருக்கும் வேற வேற பேர்தான் தெரியும், என்ர பேரும் போகாது.

தையலுக்கு வாற புது ஆக்களுக்கு இப்ப நம்பர் குடுக்கிறேல்ல. ஆப்ல நிரந்தர அட்ரஸ் ஒண்டும் எடுக்கலாம், அதின்ர கியூஆரப் பிரிண்ட் எடுத்து மெசினுக்கு மேல சுவரில ஒட்டி வச்சிருக்கிறன். ஸ்கான் பண்ணினா எனக்கு ரிக்குவெஸ்ட் வரும், நான் ஓம் எண்டாத்தான் கதைக்கலாம். தொல்லை கூடினா அந்த அட்ரஸ அழிச்சிட்டுப் புதுசு எடுக்கலாம், ஏற்கெனவே சேந்த ஆக்கள் அப்பிடியே இருப்பினம். ஆப் போடப் பஞ்சிப்பட்டுத் திரும்பிப் போறாக்களும் இருக்கினம். போகட்டும்.

கஸ்ரமும் இருக்கு. அன்ட்ரொயிட்ல மெசேஜ் உடன வரோணுமெண்டா ஆப் பின்னால ஓடிக்கொண்டே இருக்கோணும், அது பற்றறியத் தின்னும். பத்து நிமிசத்துக்கு ஒருக்காப் பாக்கிற மாதிரியும் வைக்கலாம், நான் அப்பிடித்தான் வச்சிருக்கிறன், தையலுக்கு அது காணும். ஆப்போட வாற சேர்வர்ல எடுக்காத மெசேஜ் 21 நாள்தான் நிக்கும், பெரிய ஃபைல் எண்டா 48 மணித்தியாலம்தான். கனடால இருக்கிற அண்ணா கலியாண வீடியோ அனுப்பேக்க முதல்ல ஒரு மெசேஜ் போடுவார், நான் அண்டைக்கே இறக்கி வைப்பன்.

எல்லாத்தையும் விட முக்கியம் பாக்கப். எக்கவுண்ட் இல்லையெண்டா லொகினும் இல்லை, போன் துலைஞ்சா ஆரிட்டயும் கேட்டு எடுக்கேலாது. மெசேஜ், ஆக்கள் எல்லாம் இருக்கிற டேட்டாபேசை எக்ஸ்போர்ட் பண்ணி பென்ட்ரைவ்ல வையுங்கோ, அதின்ர பாஸ்வேர்ட் வேற இடத்தில எழுதி வையுங்கோ. ஒரே டேட்டாபேசை ரெண்டு போன்ல ஓட விடாதேங்கோ, மெசேஜப் பூட்டித் திறக்கிற என்கிரிப்சன் குழம்பி மெசேஜ் வாறது நிண்டிடும். கொம்பியூட்டர்ல பாக்கோணுமெண்டா வீட்டு வைஃபைல போனையும் அதையும் இணைக்கலாம்.

2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் எண்டு இந்த நாட்டில வட்ஸ்அப்ப மூடின நேரங்கள நாங்கள் கண்டனாங்கள். சிம்ப்ளெக்ஸையும் மூடலாம்தான், ஆனா சேர்வர் ஆரும் சொந்தமா வைக்கலாம், எங்க இருந்து வாறம் எண்டத மறைக்கிற டோர் எண்ட நெட்வேர்க் வழியாவும் போகலாம். இன்டர்நெட்டே இல்லாட்டி பிரையர் எண்ட ஆப் இருக்கு, புளூடூத்லயும் வேலை செய்யும், கிட்ட இருக்கிற ஆக்களோட மட்டும்தான், போன் எண்டா அதுவும் அன்ட்ரொயிட்ல மட்டும்.

2022ல ட்ரெயில் ஒஃப் பிட்ஸ் எண்ட பாதுகாப்புக் கொம்பனி இதின்ர கோடைப் பரிசோதிச்சது, கோட் எல்லாருக்கும் திறந்துதான் இருக்கு. அம்மாவோடயும் லண்டன் மாமியோடயும் இப்பவும் வைபர்தான், அவைய மாத்தச் சொல்லி நான் கேக்கேல்ல. ஆனா ஊரில டியூசனுக்குப் போற, புதுசா வேலைக்குப் போற பிள்ளையள் கேட்டா நானே பக்கத்தில இருந்து போட்டுக் குடுப்பன், பாக்கப் எடுக்கப் பழக்கிப்போட்டுத்தான் அனுப்புவன்.