நோட் சர்வரில் ரவுட்டிங்: கைவேலையா, எக்ஸ்பிரஸா, ஃபாஸ்டிஃபையா?

சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸுக்கு ரவுட்டர் (வரும் ரிக்வெஸ்ட்டை அதன் பாதை பார்த்து உரிய ஃபங்ஷனுக்கு அனுப்பும் பகுதி) எது நல்லது என்று கேட்டால், வினாடிக்கு எத்தனை ரிக்வெஸ்ட் தாங்கும் என்ற பட்டியலைத்தான் முதலில் நீட்டுவார்கள். பெரும்பாலான சர்வர்களுக்கு அது வீண் கணக்கு. டேட்டாபேஸ் பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தின் முன்னால் ரவுட்டரின் நேரம் கண்ணுக்கே தெரியாது. நான் பார்ப்பது வேறு: ஒரே பாதைக்கு இரண்டு கால்பேக் (ரிக்வெஸ்ட் வந்ததும் கூப்பிடப்படும் ஃபங்ஷன்) உரிமை கொண்டாடினால் யார் தீர்ப்புச் சொல்வது? கால்பேக் தடுக்கி விழுந்தால் யார் பிடிப்பது?

நோட்டின் எச்டிடிபி மாட்யூல் எல்லா ரிக்வெஸ்ட்டையும் ஒரே கால்பேக்கிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும். பிரித்து அனுப்புவது நம் பாடு. ஐந்தாறு பாதைதான் என்றால், பாதையையும் அதன் கால்பேக்கையும் ஜோடியாக வைக்கும் ஒரு மேப் போதும். ஆனால் யூஆர்எல்லோடு க்வெரியும் (கேள்விக்குறியில் தொடங்கும் பகுதி) ஒட்டிக்கொண்டு வரும். வெட்டாமல் தேடினால் '/மாணவர்?பக்கம்=2' எதோடும் பொருந்தாது. மேப்புக்குப் பதில் சாதாரண ஆப்ஜெக்ட்டை வைத்து, பாதையின் முதல் சாய்கோட்டையும் நீக்கிவிட்டுத் தேடுகிறவர்களும் உண்டு. 'கன்ஸ்ட்ரக்டர்' என்று யாராவது கேட்டால், நாம் எழுதாத, ஆப்ஜெக்ட்டோடு இயல்பாகவே வரும் ஃபங்ஷன் ஒன்று வந்து நிற்கும்!

2010-இல் வந்த எக்ஸ்பிரஸ் என்ற ஃப்ரேம்வொர்க், பாதைகளை எழுதிய வரிசையிலேயே அடுக்கி வைக்கிறது. ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கப்படும். மிடில்வேர் (பதில் சொல்லும் கால்பேக்குக்கு முன்னே நடுவில் ஓடும் ஃபங்ஷன்) எழுதுவது சுலபமாக இருப்பதற்குக் காரணமே இந்த வரிசைதான். தொல்லையும் இதில்தான். '/மாணவர்/:எண்' (':எண்' என்பது எந்தச் சொல்லும் வரக்கூடிய மாறி) மேலே, '/மாணவர்/புதிது' கீழே என்றால், 'புதிது' என்ற சொல்லே மாணவர் எண்ணாகப் போய்ச் சேரும். கீழே உள்ள கால்பேக் கூப்பிடப்படவே படாது. ஒரே பாதையை இரண்டு ஃபைலில் எழுதினாலும் முந்தியது பதில் சொல்லிவிடும். இரண்டுக்கும் எச்சரிக்கை எதுவும் வராது.

எக்ஸ்பிரஸ் 4 பாதைகளை ரெகுலர் எக்ஸ்பிரஷனாக (எழுத்து வடிவங்களைத் தேடும் குறிமுறை) மாற்றிப் பொருத்துகிறது. 2024 செப்டம்பரில் அதற்கான லைப்ரரியில் ஓர் ஓட்டை வெளியானது: '/:ஊர்-:தெரு' போல ஒரே துண்டில் இரண்டு மாறிகள் இருந்தால், வேண்டுமென்றே நீட்டி எழுதிய பாதை ஒன்று பொருத்தும் வேலையை இழுத்துக்கொண்டே போகவைத்தது. நோட்டின் வேலைகளை ஒவ்வொன்றாக நடத்தும் இவென்ட் லூப் ஓடுவது ஒரே த்ரெட்டில்; ஆக ஒருவருடைய யூஆர்எல்லுக்காக அத்தனை பேரும் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு வந்த எக்ஸ்பிரஸ் 5, பாதைச் சரத்துக்குள் ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதுவதையே நிறுத்திவிட்டது. இன்னொரு நல்ல மாற்றமும் உண்டு. எக்ஸ்பிரஸ் 4 அசிங்க் கால்பேக்கின் (காத்திருந்து பின்னால் முடியும் கால்பேக்) பிழையைப் பிடிக்காது. நோட் 15 முதல் அப்படி விட்ட பிழை ப்ராசஸையே சாய்த்துவிடும். 5 அதைப் பிழை ஹேண்ட்லரிடம் தானே அனுப்புகிறது.

ஃபாஸ்டிஃபை என்ற இன்னொரு ஃப்ரேம்வொர்க்கின் ரவுட்டர் ரேடிக்ஸ் மரம். அகராதியில் எழுத்தெழுத்தாகப் போவதுபோல, பொதுவான முன்பகுதியை ஒரே ஒரு முறை கடந்து கிளை பிரியும். எந்த வரிசையில் எழுதினாலும் நிலையான பாதைக்கே முதலிடம், அப்புறம் மாறி, கடைசியில் எதோடும் பொருந்தும் நட்சத்திரக்குறி. 'புதிது' சிக்கல் இங்கே எழவே எழாது. ஒரே மெத்தடில் (GET, POST போன்ற ரிக்வெஸ்ட் வகை) ஒரே பாதையை இரண்டு முறை எழுதினால் சர்வர் கிளம்பவே மறுக்கும். எனக்கு இது பிடித்திருக்கிறது. ராத்திரி வரும் புகாரைவிடக் காலையில் வரும் பிழை மேல். சரி, குறை? எக்ஸ்பிரஸ் மிடில்வேரை அப்படியே சொருக முடியாது, தனி ப்ளகின் வேண்டும். ஒரு ப்ளகினுக்குள் சேர்த்தது வெளியே தெரியாது என்ற விதியும் பழகும்வரை படுத்தும்.

வெப்ஹுக் (வேறொரு சேவை செய்தி அனுப்பும் நம் முகவரி) ஒன்றிரண்டுக்கு மேப் போதும். புதிய ஏபிஐ என்றால் ஃபாஸ்டிஃபை. எக்ஸ்பிரஸ் 4-இல் ஓடிக்கொண்டிருப்பதை மொத்தமாகத் திருப்பி எழுதச் சொல்ல மாட்டேன். 5-க்கு ஏற்றினால் போதும். அப்போது நட்சத்திரக்குறி மட்டும் இருக்கும் பாதைகளை முதலில் தேடுங்கள்: 5-இல் அந்தக் குறிக்கு ஒரு பெயர் கொடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சர்வர் கிளம்பும்போதே பிழை காட்டி நின்றுவிடும்.