மொராக்கோ தோல் பூஃப்: குறைந்த விலையில் நல்லதாக வாங்குவது எப்படி

பூவேலை குறைவான, உள்ளே எதுவும் அடைக்காத, வெள்ளாட்டுத் தோலில் தைத்த தேன்நிறப் பூஃப், அதாவது உட்காரவோ கால் நீட்டவோ தரையில் வைக்கும் வட்டத் திண்டு. மொராக்கோ பூஃப் வேண்டும், செலவும் கையைக் கடிக்கக் கூடாது என்பவர்களுக்கு எங்கள் பரிந்துரை இதுதான். மொராக்கோவின் மராகேஷ், ஃபெஸ் நகரச் சந்தைகளில் பேரம் பேசத் தெரிந்தால் 250 முதல் 400 திர்ஹத்துக்குள் வாங்கிவிடலாம். ஒரு திர்ஹம் நம் கணக்கில் 9, 10 ரூபாய். மொராக்கோவிலிருந்தே எட்சி (Etsy) என்ற இணையச் சந்தை வழியாக விற்பவர்களிடம் அனுப்பும் செலவோடு சுமார் 50 முதல் 90 டாலர் ஆகும். இதே சரக்கைப் பஞ்சு அடைத்து, அட்டை மாட்டி, மேலை நாட்டு அலங்காரக் கடைகளில் 150 டாலருக்கு மேல் வைத்திருப்பார்கள். கூடுதல் பணம் பெரும்பாலும் பஞ்சுக்கும் இடத்தை அடைக்கும் பெட்டிக்கும்தான் போகிறது. தோல் அதே தோல்தான்.

விலை நியாயமா என்று பார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. வழக்கமான பூஃப் 55 செ.மீ. விட்டம், 33 செ.மீ. உயரம். மேல், கீழ், பக்கம் மூன்றையும் சேர்த்தால் ஒரு சதுர மீட்டருக்குச் சற்று மேல். தையலுக்கு மடிப்பதையும் வெட்டில் வீணாவதையும் சேர்த்தால் 1.2 சதுர மீட்டர் வரும். ஒரு வெள்ளாட்டுத் தோலில் 4, 5 சதுர அடிதான் தேறும். ஆக ஒரு பூஃபுக்கு ஏறக்குறைய மூன்று ஆட்டின் தோல் வேண்டும். அதனால்தான் யாராவது 100 திர்ஹத்துக்கு ‘அசல் தோல்’ என்று நீட்டினால் சந்தேகப்படச் சொல்கிறோம். ஒன்று அடிப்பாகம் முழுக்க ரெக்சின், இல்லையென்றால் தோலைக் காகிதம்போல் சீவியிருப்பார்கள்.

இதே கணக்கை எடையில் போட்டால் இணையத்தில் வாங்குபவர்களுக்கு உதவும். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள தோலில் தைத்த வெற்று உறை ஒரு கிலோவைத் தொட்டோ தாண்டியோ நிற்கும். விற்பவரிடம் ‘அடைக்காத எடை எவ்வளவு’ என்று கேளுங்கள். 700 கிராமுக்குக் கீழே சொன்னால் அந்தப் பூஃப் கால் நீட்ட மட்டும் உதவும், ஆள் உட்காரத் தாங்காது. மெல்லிய தோல் நடுவில் கிழிவது அபூர்வம். தையல் ஓரத்தில் ஊசி போன துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, அஞ்சல் தலை பிரிவதுபோல வரிசையாகப் பிரியும். பிரிந்த இடத்தில் திரும்பத் தைக்கவும் முடியாது, ஏனென்றால் பிடித்துத் தைக்கத் தோல் மிச்சமிருக்காது.

செம்மறியாட்டுத் தோல் தொட்டால் மெத்தென்று இருக்கும், விலையும் குறைவு. ஆனால் இழுத்தால் நீளும், நீண்டால் திரும்பாது, கீறலும் சீக்கிரம் விழும். வெள்ளாட்டுத் தோலின் மேற்பரப்பில் சின்னச் சின்னப் புள்ளி மேடுகள் தெரியும், விரல் நகத்தால் அழுத்தினால் தடம் மெல்ல மறையும். ‘ஒட்டகத் தோல்’ என்று சொல்லி விலை ஏற்றினால் அதற்காக ஒரு திர்ஹம்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். சுற்றுலாக் கடைகளில் அப்படிச் சொல்லி விற்பதில் பெரும்பகுதி ஆடோ மாடோதான். தங்கம், வெள்ளி நிறத்தில் மின்னுபவை தோலின் மேல் மெல்லிய பளபளப்புத் தாள் ஒட்டியவை. உட்காரும் இடத்தில் அது முதலில் உரியும்.

ரெக்சினைக் கண்டுபிடிக்க ஜிப்பைத் திறந்து உட்பக்கம் பாருங்கள். தோல் என்றால் நாராக, சொரசொரப்பாக இருக்கும். துணி நெசவு தெரிந்தால் அது தோல் இல்லை. மெழுகோ பாலிஷோ போடாத இயல்பு நிறத் தோலில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் மெல்ல உறிஞ்சி இடம் கறுக்கும், காய்ந்ததும் தெளியும். திண்டுக்கல், ஈரோடு பக்கம் பட்டை போட்டுப் பதனிட்ட தோலைத் தொட்டுப் பழகியவர்களுக்கு இந்தத் தன்மை உடனே பிடிபடும். ரெக்சினில் சொட்டு முத்தாக நிற்கும். இப்படிப்பட்ட செயற்கைத் தோல் பலவற்றின் மேலுள்ள பாலியூரித்தேன் பூச்சு காற்றின் ஈரத்தாலேயே சிதையக்கூடியது. சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற கடலோர ஊர்களில் சில ஆண்டுகளிலேயே செதில் செதிலாக உதிர ஆரம்பிக்கும். அதனால் ரெக்சின் பூஃபை மலிவு என்று சொல்ல எங்களுக்கு மனமில்லை.

அடுத்து அடிப்பாகம். படத்தில் யாரும் காட்டாத இடம், எல்லாப் பழுதும் தொடங்கும் இடம். கனமான கேன்வாஸ் அடி இருந்தால் குறையில்லை, தரையில் உரசுவதைத் தாங்கும். தோல் அடியும் நல்லதே. மெல்லிய ரெக்சின் அடிதான் ஆகாது. ஜிப் குறைந்தது 30 செ.மீ. நீளம் வேண்டும், சிறியதென்றால் தலையணை உள்ளே போகாது. ஜிப்புக்குப் பதில் கயிறு கோத்து இறுக்கும் வகையும் உண்டு. பார்க்க அவ்வளவு நேர்த்தியாக இருக்காது, ஆனால் அறுந்தால் கயிற்றை மாற்றினால் போதும். இரண்டில் எது என்றால் நாங்கள் கயிற்றையே எடுப்போம்.

நேரில் போகிறவர்கள் மராகேஷில் முகமது ஐந்தாம் சாலையில் உள்ள ஆன்சாம்பிள் ஆர்ட்டிசனாலுக்கு முதலில் போங்கள். அரசு நடத்தும் கைவினை வளாகம், பேரம் கிடையாது. வாங்காவிட்டாலும் விலையைக் குறித்துக்கொண்டு பிறகு சந்தைக்குள் நுழைந்தால் தெளிவு இருக்கும். சந்தையில் முதலில் சொல்வது இரண்டு மூன்று மடங்கு. மூன்றில் ஒரு பங்கில் தொடங்கிப் பாதிக்குள் முடிப்பது வழக்கம், இரண்டாக எடுத்தால் இன்னும் இறங்கும். ஃபெஸில் ஷுவாரா பதனிடும் தொட்டிகளைப் பார்க்க மாடிக்கு அழைத்துச் செல்லும் கடைகளில் பூஃப் வாங்க வேண்டாம். கையில் புதினாக் கொத்து கொடுத்து, அந்தக் கல் தொட்டிகளில் சுண்ணாம்பிலும் புறா எச்சத்திலும் தோல் ஊறுவதைக் காட்டுவார்கள். அந்த எச்சம் தோலை இளக்குகிறது. பார்க்க வேண்டிய வேலைதான், அதில் ஐயமில்லை. ஆனால் கூட்டி வந்தவருக்கான கமிஷன் அந்த விலையில் ஏறியிருக்கும். பார்த்துவிட்டு, பார்த்ததற்குச் சிறு தொகை கொடுத்துவிட்டு, உள் சந்துகளில் வாங்குங்கள். வெற்று உறை மடித்தால் ஒரு கம்பளிச் சட்டை அளவுதான். பெட்டியில் மற்றத் துணிகளுக்கு வாடை ஏறாமல் பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி வையுங்கள்.

வாடையைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறோம். புதுப் பூஃப் நாறும். ஜிப்பைத் திறந்து நிழலில், காற்றோட்டத்தில் ஒன்று இரண்டு வாரம் தொங்கவிட்டு, உள்ளே ஒரு துணி முடிப்பில் சமையல் சோடா போட்டு மூன்று நாளுக்கொரு தரம் மாற்றினால் பெரும்பாலும் அடங்கும். வெயிலில் போடாதீர்கள், எண்ணெய்ப்பசை வற்றித் தோல் விறைத்துவிடும். அழுகிய இறைச்சி வாடை அடித்தால் அது வேறு விஷயம், பதனிட்டது சரியில்லை, எத்தனை நாள் ஆனாலும் போகாது. உடனே திருப்பி அனுப்புங்கள்.

சாயமும் அப்படித்தான். கருஞ்சிவப்பு, நீலம், கறுப்பு மூன்றும் ஒட்டும். ஈரம் தொட்ட வெள்ளைத் துணியால் அடியில் தேய்த்துப் பாருங்கள். நிறம் வந்தால், உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்து, நிறமில்லாத தோல் கிரீம் மெல்லிதாக இரண்டு முறை பூசி, ஒரு நாள் ஆறவிட வேண்டும். அதற்குப் பிறகும் முதல் மாதம் வெளிர்நிறச் சோபா, கம்பளம் பக்கம் வைக்காமல் இருப்பது நல்லது. தேன்நிறத்தைப் பரிந்துரைக்க இதுவும் காரணம்: சாயம் குறைவு, கறை மறையும், வயதாக வயதாக அழகாகும்.

அடைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மேலே சொன்ன அளவுப் பூஃபில் 70 லிட்டருக்கு மேல் கொள்ளும். ஆள் உட்காரும் அளவுக்கு இறுக்கினால் 7 முதல் 9 கிலோ துணி போகும். பழைய பருத்திப் புடவை, போர்வை, ஜீன்ஸ், துண்டு எல்லாம் ஆகும், நன்றாகத் துவைத்து மொறுமொறுவென்று காய்ந்திருக்க வேண்டும். பூஃபைக் கவிழ்த்து ஜிப் மேலே வருமாறு வையுங்கள். முதலில் ஒரு தட்டையான தலையணையோ மடித்த போர்வையோ அடியில் பரப்புங்கள், நிமிர்த்தும்போது அதுதான் உட்காரும் பக்கம். பிறகு துணியைக் கயிறுபோல் முறுக்கிச் சுவரோரம் வளையம் வளையமாகச் சுற்றுங்கள். வட்டம் கோணாமல் நிற்பது இந்த வளையங்களால்தான். நடுக்குழியில் ஜீன்ஸ் மாதிரி கனமானவற்றைத் திணித்து, ஒவ்வொரு அடுக்கையும் முழங்காலால் அழுத்துங்கள். கடைசியில் ஜிப்புக்குக் கீழே மென்மையான துணி. மூடும்போது ஒருவர் இரு ஓரத்தையும் சேர்த்துப் பிடிக்க, இன்னொருவர் இழுக்க வேண்டும். தனியாக இழுத்தால் பல் பிளக்கும்.

இலவம் பஞ்சு மட்டும் போட்டால் ஒரே மாதத்தில் அமுங்கிவிடும், மேலடுக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தெர்மகோல் மணி மலிவு, ஆனால் உட்கார உட்கார நசுங்கும், ஜிப் விட்டால் வீடு முழுக்கப் பறக்கும். மெத்தைக் கடை ஃபோம் துண்டுகள் பரவாயில்லை, பழைய உறை ஒன்றில் கட்டிப் போட்டால் கட்டி தட்டாது. செய்தித்தாள் வேண்டவே வேண்டாம், ஈரம் இழுக்கும், பூச்சி வரும்.

முதல் சில வாரத்தில் தோல் நெகிழ்ந்து உயரம் 3 முதல் 5 செ.மீ. குறையும். அது பழுது இல்லை. இன்னும் ஒன்று இரண்டு கிலோ துணி திணித்தால் சரியாகிவிடும். மழைக்காலத்தில் வெறும் தரையில் வைக்காமல் பாய் அல்லது பலகை மேல் வையுங்கள். வெள்ளைப் பூஞ்சணம் படிந்தால் வெளியே எடுத்துப் போய் உலர்ந்த துணியால் தட்டி, சம அளவு தண்ணீர் கலந்த வினிகரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் ஆறவிட்டு, பிறகு கிரீம் பூசுங்கள். உள்ளே இருக்கும் துணியையும் அன்றே எடுத்து வெயிலில் போட வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் அடுத்த வாரமே திரும்பும். ஜிப் போனால் பூஃபைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பை தைக்கும் கடையிலோ செருப்புத் தைப்பவரிடமோ பயணப் பைக்குப் போடும் தடித்த நைலான் ஜிப்பை மாற்றித் தரச் சொல்லுங்கள். முதலில் வந்ததைவிட அது நன்றாக உழைக்கும்.