70,000 யூரோ கிடைத்தது, கடைசியில்

அயர்லாந்தில் இருக்கும் நம்மவர்கள் என்னிடம் மாதத்துக்கு ஒரு தடவையாவது கேட்கிற கேள்வி இது: "பாழடைஞ்ச வீட்டைச் சரிபண்ண கவர்மென்ட் 70,000 யூரோ தருதாமே, நெஜமா?" நிஜம்தான். வாங்கியிருக்கிறேன். 2023 அக்டோபரில் விண்ணப்பம் போட்டேன், 2025 மே மாதம் பணம் வந்தது. நடுவில் 19 மாதம்.

திட்டத்தின் பெயர் ஐரிஷ் மொழியில் இருப்பதால் 'க்ரீ கோனிஹ' என்று நாக்கைச் சுழற்றிச் சொல்லவேண்டும். நான் 'காலி வீட்டு மானியம்' என்றுதான் சொல்கிறேன். 2022 ஜூலையில் தொடங்கியபோது காலி வீட்டுக்கு 30,000, இடிந்துகிடக்கும் வீட்டுக்கு 50,000 வரை என்றிருந்தது. 2023 மே மாதம் அதை 50,000, 70,000 என்று ஏற்றினார்கள். வீடு 2007-க்குள் கட்டியதாக இருக்கவேண்டும், 2 வருஷமாவது பூட்டிக் கிடந்திருக்கவேண்டும். குடிபோகலாம், வாடகைக்கும் விடலாம். 2022 சென்சஸில் விடுமுறை வீடுகளைச் சேர்க்காமலே 1,66,752 வீடுகள் காலி என்று கணக்கு வந்தது. டப்ளினில் ஓர் அறைக்கு ஆள் ஆளாய் வரிசையில் நிற்கிற அதே நாட்டில்!

நாங்கள் வாங்கியது மேற்குப் பக்கம் ஒரு சிற்றூரின் மெயின் ரோட்டில், இரண்டு பக்கமும் ஒட்டிய மூன்று மாடிக் கல் கட்டடம். கீழே ஒரு காலத்தில் துணிக்கடை. மேலே இரண்டு மாடியும் கடைக்காரர் குடும்பம் இருந்த வீடு. நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிஷம். முதல் நாள் உள்ளே போனபோது மேல்மாடி அறையில் குச்சி குச்சியாக இடுப்பு உயரத்துக்குக் குவிந்திருந்தது. விறகு அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். புகைபோக்கியில் கூடு கட்டுகிற ஒரு வகைக் காக்கை வருஷக்கணக்கில் மேலேயிருந்து போட்டுக்கொண்டே இருந்ததாம். 31 மூட்டை அள்ளினோம். எண்ணியது நான்தான்.

சரி, விமர்சனத்துக்கு வருகிறேன்.

விண்ணப்பப் படிவம் சின்னதுதான். 2 வருஷம் காலி என்று நிரூபிப்பதுதான் பாடு. யாருமே இல்லாத வீட்டில் யாருமே இல்லை என்பதற்கு யார் சாட்சி? மின்சாரம் எப்போது துண்டிக்கப்பட்டது என்ற கடிதம் கைகொடுத்தது. அதை வாங்கவே ஏழு வாரம் போனது. வீட்டுக்கு விலை பேசும்போதே இதை விற்பவரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். பத்திரம் முடிந்தபின் அவர் ஏன் போனை எடுக்கப்போகிறார்? இன்னொன்று, வீடு உங்கள் பெயருக்கு வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. விலை பேசிக்கொண்டிருப்பதற்கு ஆதாரம் காட்டினாலே விண்ணப்பிக்கலாம்.

கூடுதல் 20,000 வேண்டுமென்றால் கட்டடம் ஆபத்தான நிலையில் இருக்கிறது என்று தனியாக ஓர் எஞ்சினியர் எழுதித் தரவேண்டும். எங்களுக்குக் கூரை உத்திரம் இரண்டு அழுகியிருந்ததால் வாதமே இல்லை. அவருக்குக் கொடுத்த பீஸ் முழுக்கத் தகும்.

திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது முதல் ஆய்வுக்கு வந்த உள்ளூர் கவுன்சில் அலுவலர். டார்ச்சும் ஸ்க்ரூ டிரைவருமாக வந்து பின்சுவரில் குத்தினார். ஸ்க்ரூ டிரைவர் சிமென்ட் பூச்சைத் தாண்டியதும் வெண்ணெய்க்குள் போவதுபோல் உள்ளே போனது. "யாரோ சிமென்ட் பூசிக் கெடுத்துட்டாங்க. கல்லுச் சுவர் மூச்சு விடணும், சுண்ணாம்புக் காரைதான் பூசணும்" என்றார். எங்கள் தாத்தா வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அரைத்த கதை எனக்கு ஞாபகம் வந்தது, அவருக்குச் சொன்னேன். அரை மணி நேரத்துக்கு வந்தவர் இரண்டு மணி நேரம் இருந்தார். ஆனால் அவர் வந்துபோனதற்கும் ஒப்புதல் கடிதம் வந்ததற்கும் நடுவே எந்த அலுவலகத்துக்கு எத்தனை மெயில் போட்டும் ஒரே பதில்: "பரிசீலனையில் உள்ளது." ஒப்புதலுக்கு முன் வேலையைத் தொடங்கினால் அந்த வேலைக்குப் பணம் கிடையாது. மழை உள்ளே கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு மூன்று மாதம் கை கட்டி நின்றோம்.

அடுத்ததுதான் பெரிய விஷயம். வேலை முழுவதும் முடிந்து, அலுவலர் திரும்ப வந்து பார்த்து, பில்லை எல்லாம் சரிபார்த்த பிறகுதான் எங்களுக்குப் பணம் வந்தது. அதாவது 70,000 யூரோ வாங்க முதலில் 70,000 யூரோ எங்களிடம் இருக்கவேண்டியிருந்தது. அடுப்படி இல்லாத வீட்டுக்கு பேங்க் கடன் தரத் தயங்கும். கிரெடிட் யூனியனில், அதாவது உறுப்பினர்களே நடத்துகிற கூட்டுறவுக் கடன் சங்கத்தில், கடன் வாங்கித்தான் கொத்தனாருக்குக் கொடுத்தோம். அந்த வட்டியை எந்தப் படிவத்திலும் எழுத இடமில்லை. ஒப்புதல் தேதியிலிருந்து வேலை முடிக்க எங்களுக்குக் கொடுத்தது 13 மாதம். சுண்ணாம்பு பூசத் தெரிந்த ஆள் கிடைக்கவே அதில் நான்கு போயிற்று. கையில் காசே இல்லாத இளம் ஜோடிகளுக்கான திட்டம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வீட்டில் எரிசக்தியை மிச்சப்படுத்தும் வேலைகளுக்குத் தனியாகக் கிடைக்கும் எரிசக்தி மானியத்தையும் சேர்த்தே வாங்கலாம், ஆனால் ஒரே வேலைக்கு இரண்டு இடத்தில் பில் காட்டக்கூடாது. அப்புறம், 5 வருஷத்துக்குள் விற்றால் முழு மானியத்தையும் திருப்பித் தரவேண்டும், 10 வருஷத்துக்குள் என்றால் 75 சதவீதம். அதற்கென்று வீட்டின் மேல் அடமானம் மாதிரி ஓர் உரிமையும் பதிவாகிறது. ஊர் மாறும் எண்ணம் இருக்கிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். என் கணவர் 2035 என்று அடுக்களை அலமாரிக் கதவின் உள்பக்கம் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அந்த ஒன்றரையைக் குறைத்ததில் பாதி, கீழே இருக்கும் துணிக்கடைக்காக. மேலே மூன்று அறையில் விளக்கு எரிகிறது, ஜன்னலில் கறிவேப்பிலைத் தொட்டிகூட இருக்கிறது. கீழே கடையின் கண்ணாடியில் மஞ்சளாகிப்போன பேப்பர் அப்படியே. மானியம் வீட்டுக்குத்தான், கடை முகப்புக்கு இல்லை. 'ஊர் நடுவுக்கு முதலிடம்' என்று 2022 பிப்ரவரியில் அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. 26 ஊர்களுக்குத் திட்டம் தீட்ட ஊருக்கு 1,00,000 யூரோ ஒதுக்கினார்கள். எங்கள் ஊர் அதில் இல்லை. தெருவில் நடக்கிறவர்கள் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. அவர்கள் கண்ணுக்கு இது இன்னும் பூட்டிய கட்டடம்தான்.

போன மாதம் கடைக் கதவின் கீழே ஒரு கடிதம் செருகியிருந்தது. மெயின் ரோட்டில் காலிக் கட்டடங்களைக் கணக்கெடுக்கிறார்களாம். உரிமையாளர் யார், எத்தனை வருஷமாகக் காலி, மானியம் இருப்பது தெரியுமா என்று கேட்டிருந்தார்கள்.